ஏடிவி இன்ஜின் ஆயிலில் கூலண்ட் கலந்துவிட்டதா? ஹெட்டைக் கழற்றும் முன் இதைப் படியுங்கள்

உங்கள் ஏடிவியின் (சேறு, மேடு பள்ளம் எல்லாவற்றிலும் ஓடும் நாலு சக்கர வண்டி) டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு பார்க்கும் கம்பியை, இழுத்துப் பார்க்கிறீர்கள். ஆயில் பழுப்பாகவோ கறுப்பாகவோ இல்லாமல் பால் போல வெளுத்து, லேசாக நுரைத்து, குழகுழவென்று ஒட்டிக்கொண்டு வருகிறது. இதைப் பார்த்ததும் நிறையப் பேருக்கு முதலில் தோன்றுவது "ஹெட் கேஸ்கெட் போச்சு" என்பதுதான் (சிலிண்டருக்கும் அதை மேலே மூடும் ஹெட்டுக்கும் நடுவில் கசியாமல் தடுக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட்), உடனே சீட்டையும் டேங்கையும் பிளாஸ்டிக் பாகங்களையும் கழற்ற ஆரம்பித்துவிடுவார்கள். அவசரப்பட வேண்டாம். ஆயிலுக்குள் தண்ணீர் வருவதற்கு நாலைந்து வழிகள் இருக்கின்றன, ஹெட் கேஸ்கெட் அதில் ஒன்று, அதுவும் அதிக வேலை வாங்கக்கூடிய ஒன்று. எந்த வழியாக வந்தது என்று தெரிந்துகொண்டு அப்புறம் ஸ்பேனரை எடுங்கள், பல வண்டிகளில் ஹெட்டைத் தொடவே வேண்டியிருக்காது.

அதற்கும் முன்னால் ஒரு விஷயம். இன்ஜினை இனி ஓட்டாதீர்கள், "வீடு வரைக்கும் மெதுவா ஓட்டிக்கிட்டுப் போயிடலாம்" என்ற எண்ணமும் வேண்டாம், கட்டி இழுத்தோ டிரெய்லரில் ஏற்றியோ கொண்டுபோங்கள். இன்ஜினுக்குள் கிராங்க், கேம்ஷாஃப்ட், பிஸ்டன் எல்லாமே ஒரு மெல்லிய ஆயில் படலத்தின் மேல்தான் இயங்குகின்றன, உலோகம் உலோகத்தை நேரடியாகத் தொடுவதில்லை. ஆயிலில் கூலண்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், கலந்தால் அந்தப் படலம் தாங்க வேண்டிய பாரத்தைத் தாங்காது. பல ஏடிவிகளில் கேம்ஷாஃப்டுக்குத் தனியாக பேரிங்கே கிடையாது, ஹெட்டின் அலுமினியத்திலேயே நேராகச் சுற்றும், அது தேய்ந்தால் ஹெட்டையே மாற்ற வேண்டியதுதான். இன்னொன்று, கூலண்டில் இருக்கும் கிளைகால் சூடான ஆயிலோடு சேர்ந்து போகப்போக பிசின் மாதிரிக் கெட்டியாகி ஆயில் ஃபில்டரை அடைக்கும். ஃபில்டர் அடைத்தால் பைபாஸ் வால்வு திறந்துகொள்ளும், அப்புறம் வடிகட்டாத ஆயில் நேராக பேரிங்குக்குப் போகும். சின்ன சீல் பழுதாக முடிந்திருக்க வேண்டியது முழு இன்ஜின் வேலையாக மாறுவது இப்படித்தான்.

ஆயிலும் கூலண்டும் எங்கே பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன?

இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது.

லிக்விட் கூல்டு இன்ஜினில், அதாவது கூலண்டால் குளிரும் இன்ஜினில், கூலண்டுக்கு ஒரு பாதை: வாட்டர் பம்ப் தள்ள, சிலிண்டரைச் சுற்றியிருக்கும் ஜாக்கெட் வழியாக ஏறி, ஹெட்டுக்குள் போய், சூடானால் திறக்கும் தெர்மோஸ்டாட் வால்வைத் தாண்டி, ரேடியேட்டரில் ஆறி, மறுபடி பம்புக்கு வரும். ஆயிலுக்கு வேறு பாதை: அடியில் இருக்கும் சம்ப்பிலிருந்து ஆயில் பம்ப் உறிஞ்சி, கிராங்குக்கும் மேலே கேம்ஷாஃப்டுக்கும் அனுப்பும், அங்கிருந்து கேம் செயின் ஓடும் குழி வழியாகக் கீழே வழிந்துவிடும். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவே கூடாது. ஆனால் சில இடங்களில் நடுவில் ஒரு ரப்பர் சீலோ ஒரு கேஸ்கெட்டோ மட்டும்தான் இருக்கிறது.

முதல் இடம் வாட்டர் பம்பின் ஷாஃப்ட். ஒரு முனை கூலண்டிலும் மறு முனை ஆயிலிலும் இருக்கும்படி அது கிராங்க்கேஸின் (கிராங்க் இருக்கும் இன்ஜினின் கீழ்க் கூடு) சுவரைத் துளைத்துக்கொண்டு போகிறது. இரண்டாவது, சிலிண்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட். மூன்றாவது சிலிண்டருக்கு அடியில் இருக்கும் பேஸ் கேஸ்கெட், அதாவது கூலண்ட் கிராங்க்கேஸிலிருந்து நேராக சிலிண்டருக்குள் ஏறும்படி வடிவமைத்த இன்ஜின்களில் மட்டும். சில மாடல்களில் ஆயிலைக் குளிர்விக்க கூலண்டையே பயன்படுத்தும் ஆயில் கூலர் இருக்கும், அதற்குள் இருக்கும் தடுப்பு அரித்துப்போனாலும் இரண்டும் கலந்துவிடும். கடைசியாக, உலோகத்திலேயே விழும் விரிசல். தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் விரிவடையும், அதனால் கடுங்குளிரில் கூலண்ட் இல்லாமல் வெறும் தண்ணீரை ஊற்றி நிறுத்திய வண்டியில் சிலிண்டரோ கிராங்க்கேஸோ பிளந்துகொள்ளலாம்.

டூ ஸ்ட்ரோக் வண்டி என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். அதில் கிராங்க் அறைக்குள் ஆயில் தேங்கி நிற்பதில்லை, கியர்பாக்ஸ் ஆயில் தனி. யமஹா பான்ஷி மாதிரி லிக்விட் கூல்டு டூ ஸ்ட்ரோக்கில் கியர்பாக்ஸ் ஆயில் வெளுத்திருந்தால் ஹெட்டைச் சந்தேகிப்பதில் அர்த்தமில்லை, பம்ப் ஷாஃப்ட் சீலைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சரி, வந்தது கூலண்ட்தானா?

முதலில் உங்கள் வண்டி லிக்விட் கூல்டா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கேட்க விசித்திரமாக இருக்கலாம், ஆனால் ஏர் கூல்டு, அதாவது காற்றால் குளிரும், ஏடிவிகள் சிலவற்றில் முன்பக்கம் ஒரு ஆயில் கூலர் இருக்கும், பார்க்க ரேடியேட்டர் மாதிரியே இருக்கும். அந்த வண்டியில் கூலண்ட் என்பதே இல்லை, ஆயில் வெளுத்தால் வெளியிலிருந்து வந்த தண்ணீர்தான்.

லிக்விட் கூல்டுதான் என்றாலும் ஆயிலை வெளுக்கச் செய்ய வேறு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, ஆவி குளிர்ந்து நீராவது. பெட்ரோல் எரிந்தால் தண்ணீர் உண்டாகும், ஏறக்குறைய ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். பெரும்பகுதி சைலன்சர் வழியாக ஆவியாகப் போய்விடும், கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கிராங்க்கேஸுக்குள் இறங்கும். இன்ஜின் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டினால் அதுவும் ஆவியாகி பிரீதர் என்ற காற்றுப்போக்கிக் குழாய் வழியாக வெளியேறிவிடும். குளிர்காலத்தில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து, கொட்டகையிலிருந்து எடுத்து, மறுபடி உள்ளே விட்டு நிறுத்துகிற வண்டியில் அது போக வழியில்லாமல் உள்ளேயே தங்கும். இந்த மாதிரி இருந்தால் வெளுப்பு ஆயில் மூடியின் உள்பக்கத்திலும் டிப்ஸ்டிக்கின் மேல் பகுதியிலும்தான் தெரியும், கீழே இருக்கும் ஆயில் சாதாரணமாகவே இருக்கும், கூலண்டும் குறைந்திருக்காது. நல்லா சூடாகும்படி ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டி, ஆயிலை மாற்றினால் போதும்.

இரண்டாவது காரணம் ஏடிவிக்கே உரியது: தண்ணீரில் இறக்கியது. ஆழமான ஓடையில் இறங்கி, ஏர் ஃபில்டர் இருக்கும் ஏர் பாக்ஸ் முங்கினாலும், பிரீதர் குழாய் தண்ணீருக்குள் போனாலும், ஹை பிரஷர் வாஷரை வைத்து இன்ஜினைச் சுற்றிப் பீய்ச்சினாலும் தண்ணீர் உள்ளே போகலாம். சமீபத்தில் வண்டி முங்கியதா, ஏர் ஃபில்டர் ஈரமாக இருக்கிறதா, ஏர் பாக்ஸின் அடியில் சேறு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆக எல்லாவற்றையும் தீர்மானிக்கும் கேள்வி ஒன்றுதான்: கூலண்ட் குறைகிறதா? இதை ரிசர்வ் பாட்டிலை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் கெட்டிருந்தாலோ நடுவில் இருக்கும் சின்னக் குழாயில் ஓட்டை இருந்தாலோ, ரேடியேட்டர் காலியாக ஆனாலும் பாட்டிலில் அளவு அப்படியே நிற்கும். இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியையே திறந்து, கூலண்ட் கழுத்து வரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது, உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலண்ட் முகத்தில் கொதித்து அடிக்கும்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு கூடியிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால் ஏதோ ஒன்று உள்ளே வந்திருக்கிறது. பெட்ரோலாகவும் இருக்கலாம், ஆனால் பெட்ரோல் கலந்த ஆயில் வெளுக்காது, நீர்த்துப்போய் பெட்ரோல் வாடை அடிக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை டிரெயின் போல்ட்டில் செய்வது. வண்டியை ஒரு ராத்திரி முழுக்க அசைக்காமல் சமதரையில் நிறுத்துங்கள். கூலண்டும் தண்ணீரும் ஆயிலைவிடக் கனமானவை, அதனால் ஆயிலோடு இன்னும் முழுதாகக் கலக்காமல் இருக்கும் பகுதி அடியில் போய் நிற்கும். காலையில் ஒரு சுத்தமான கண்ணாடிப் பாட்டிலைக் கீழே பிடித்துக்கொண்டு டிரெயின் போல்ட்டைக் கழற்றாமல் மெதுவாகத் தளர்த்துங்கள், நூல் மாதிரி வழிய ஆரம்பித்ததும் நிறுத்திக்கொண்டு வழிவதை உற்றுப் பாருங்கள். முதலில் பச்சையாகவோ நீலமாகவோ சிவப்பாகவோ, உங்கள் ரேடியேட்டரில் இருக்கும் அதே நிறத்தில் வந்து, அப்புறம் ஆயில் வந்தால் சந்தேகமே வேண்டாம். நிறமில்லாத கலங்கல் தண்ணீர் வந்தால் ஓடைத் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளலாம், ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கவில்லை என்றால். எல்லாமே கலந்து ஒரே வெளுப்பாக வந்தால் இந்தச் சோதனை பதில் சொல்லாது, கூலண்ட் அளவை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆயிலில் ஈரம் கொஞ்சமாக இருக்கிறதா, இல்லையா என்றே தெரியவில்லை என்றால் ஒரு பழைய இரும்புத் தகட்டை 100 டிகிரிக்கு மேல் நன்றாகச் சூடாக்கி அதில் ஒரே ஒரு சொட்டு ஆயிலை விடுங்கள். நல்ல ஆயில் சத்தமில்லாமல் பரவும், தண்ணீர் இருந்தால் படபடவென்று பொரிந்து தெறிக்கும். திறந்த வெளியில், கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், புகையை முகர வேண்டாம்.

நாக்கில் வைத்து இனிக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். எத்திலீன் கிளைகால் இனிப்பாகத்தான் இருக்கும், ஆனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் விஷம். நாயும் பூனையும் இதை நக்கிச் சாகின்றன, கீழே சிந்தியதை உடனே துடைத்துவிடுங்கள்.

முதலில் வாட்டர் பம்பைப் பாருங்கள்

கூலண்ட்தான் என்று உறுதியானதும் நான் நேராகப் போவது பம்புக்குத்தான். காரணம் எளிது, அதைச் சோதிக்க எதையும் பிரிக்க வேண்டாம். ஒரு சின்னக் கம்பியும் டார்ச்சும் போதும்.

பம்ப் ஷாஃப்டில் இரண்டு சீல்கள் உண்டு. கூலண்ட் பக்கம் இருப்பது மெக்கானிக்கல் சீல், அதில் கார்பனும் செராமிக்கும் போன்ற இரண்டு வழவழப்பான வளையங்களை ஒரு ஸ்பிரிங் ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்திருக்கும், ஒன்று சுழலும், ஒன்று நிற்கும். ஆயில் பக்கம் இருப்பது சாதாரண ரப்பர் ஆயில் சீல். இந்த இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் காலி இடம் விட்டு, அங்கிருந்து வெளியே வரும்படி இன்ஜினின் அடிப்பக்கமாக ஒரு சின்ன ஓட்டை போட்டிருப்பார்கள். வீப் ஹோல் என்பார்கள். ஏதாவது ஒரு சீல் தேய்ந்தால் அந்தத் திரவம் அடுத்த சீலைத் தாண்டி மறுபக்கம் போகாமல் இந்த ஓட்டை வழியாக வெளியே சொட்ட வேண்டும், அதுதான் ஏற்பாடு. கூலண்ட் சொட்டினால் மெக்கானிக்கல் சீல் போய்விட்டது, ஆயில் சொட்டினால் ஆயில் சீல் போய்விட்டது.

காரில் இந்த ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்கிறது. ஏடிவி சேற்றில் ஓடுகிற வண்டி. அந்த ஓட்டை இருப்பதோ அடியில், சேறு நேராக அடிக்கும் இடத்தில். சேறு அப்பிக் காய்ந்து ஓட்டை அடைத்துக்கொண்டால் மெக்கானிக்கல் சீலைத் தாண்டி வந்த கூலண்டுக்கு வெளியே போக வழி இல்லை, நடுவில் தேங்கி அழுத்தம் ஏறும். ஆயில் சீலின் உதடு ஆயிலைத் தடுக்கும் திசையில்தான் வைக்கப்பட்டிருக்கிறது, எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்க அல்ல. அதனால் கூலண்ட் அதை விலக்கிக்கொண்டு கிராங்க்கேஸுக்குள் இறங்கிவிடும். வெளியே ஒரு சொட்டுக்கூட தெரியாது, ரேடியேட்டர் குறையும், ஆயில் வெளுக்கும். ஹெட் கேஸ்கெட் போனதாகத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை.

சேறு சீலையும் நேரடியாகக் கெடுக்கும். ஓட்டை வழியாக உள்ளே போகும் மணல் ஷாஃப்டைத் தேய்க்கும். கூலண்டும் ஒரு காரணம்தான்: சிலிகேட் சேர்த்த கூலண்ட் பம்ப் சீலைச் சீக்கிரம் தேய்க்கும் என்பதால் பல ஜப்பானியக் கம்பெனிகளின் மேனுவல்களில் சிலிகேட் இல்லாததை ஊற்றச் சொல்லியிருப்பார்கள். உப்புத் தண்ணீர் கலந்தால் படியும் காறையும் அந்த வழவழப்பான முகங்களுக்கு எதிரி.

ஆக, பம்பின் அடியில் சுத்தம் செய்து ஓட்டையைக் கண்டுபிடியுங்கள், கம்பியை மெதுவாக விட்டு அடைப்பை எடுங்கள். எடுத்ததுமே கூலண்ட் சொட்டினால் குற்றவாளி கிடைத்துவிட்டது. உடனே சொட்டவில்லை என்றாலும் விடாதீர்கள், ரேடியேட்டர் பிரஷர் டெஸ்டரை மூடி இருக்கும் இடத்தில் மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை, பெரும்பாலும் 1.1 பார் அளவில் இருக்கும், கையால் பம்ப் செய்துவிட்டுக் காத்திருங்கள். அதற்கு மேல் ஏற்றினால் நல்ல சீலையும் ரேடியேட்டரையும் நீங்களே கெடுத்துவிடுவீர்கள். முள் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் எங்கோ கசிகிறது: ஓஸ், ரேடியேட்டர், வீப் ஹோல் என்று வெளியே தேடுங்கள். வெளியே எங்கேயும் ஈரமில்லை, முள் மட்டும் இறங்குகிறது என்றால் கசிவு உள்ளே. அந்த நிலையில் டிரெயின் போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு அழுத்தம் கொடுத்தால், ஆயில் வடிந்து முடிந்த பிறகும் சொட்டுச் சொட்டாகக் கூலண்ட் வருவதைப் பல நேரம் கண்ணாலேயே பார்க்கலாம். சில மாடல்களில் பக்கவாட்டுக் கவரைத் திறந்தால் பம்ப் ஷாஃப்டின் ஆயில் பக்கம் தெரியும், அங்கிருந்து வழிந்தால் பம்ப் சீல், மேலிருந்து கேம் செயின் குழி வழியாக வழிந்தால் ஹெட் கேஸ்கெட். இதைவிடத் தெளிவான பதில் வேறு எந்தச் சோதனையிலும் கிடைக்காது.

ஹெட் கேஸ்கெட்டை எப்படிச் சந்தேகிப்பது

ஹெட் கேஸ்கெட் சும்மா போகாது. பெரும்பாலும் அதற்கு முன்னால் ஒரு முறையாவது இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கும். அலுமினிய ஹெட் சூட்டில் வளையும், வளைந்த இடத்தில் கேஸ்கெட்டின் மேல் அழுத்தம் குறையும், அங்கே வழி திறக்கும். அதனால் சமீபத்தில் டெம்பரேச்சர் லைட் எரிந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

கேஸ்கெட் எந்த இடத்தில் போனது என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும். எரியும் அறைக்கும் கூலண்டுக்கும் நடுவில் போனால் அழுத்தமான வாயு ரேடியேட்டருக்குள் அடிக்கும், மூடியைத் திறந்துவிட்டுப் பார்த்தால் நிற்காமல் குமிழி வரும், ரிசர்வ் பாட்டில் பொங்கும். கூலண்ட் சிலிண்டருக்குள் இறங்கினால் சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, இனிப்பு வாடை, ஆவியால் கழுவினது போல சுத்தமாக இருக்கும் ஸ்பார்க் பிளக். சிங்கிள் சிலிண்டர் இன்ஜினில் கூலண்ட் ஓட்டைக்கும் கேம் செயின் குழிக்கும் நடுவில் இருக்கும் பட்டை மெலிது, அங்கே போனால் புகையும் வராது, குமிழியும் வராது, நேராக ஆயிலுக்குள் வழிந்துவிடும். அதனால்தான் பம்பையும் கேஸ்கெட்டையும் புகையை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

இன்ஜினை ஓட்டாமலேயே செய்யக்கூடிய சோதனை லீக் டவுன் டெஸ்ட். பிஸ்டனை கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சிக்குக் கொண்டுவந்து, பிளக் ஓட்டை வழியாக கம்ப்ரஸர் காற்றைக் கொடுத்துவிட்டு, காற்று எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். ரேடியேட்டர் கழுத்தில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது ஹெட்டில் விரிசல். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் பாக்ஸ் பக்கம் என்றால் இன்டேக் வால்வு. ஆயில் மூடியில் கொஞ்சம் காற்று வருவது இயல்புதான், ரிங் வழியாகச் சிறிது எப்போதும் கசியும். காற்றைத் திறக்கும்போது பிஸ்டன் சட்டென்று கீழே போய் கிராங்க் சுழலும், கையை ஸ்பேனரில் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: சிலிண்டருக்குள் கூலண்ட் இறங்கியிருக்கும் என்ற சந்தேகம் இருந்தால், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றாமல் செல்ஃப் பட்டனை அழுத்தவே கூடாது. திரவத்தை அமுக்க முடியாது, மேலே ஏறும் பிஸ்டன் அதில் முட்டினால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

பழுது பார்ப்பது

பம்ப் சீல்தான் காரணம் என்றால் இரண்டு சீலையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றுவதில் எந்த லாபமும் இல்லை. சில வண்டிகளில் பம்ப் கவரை எடுத்து இம்பெல்லரை (கூலண்டைத் தள்ளும் சுழல் சக்கரம்) கழற்றினால் வேலை முடியும், சிலவற்றில் கிராங்க்கேஸ் பக்கவாட்டுக் கவர் முழுவதையும் எடுக்க வேண்டும், உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலை முதலில் பாருங்கள். ஷாஃப்டை வெளியே எடுத்ததும் சீல் உரசும் இடத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் சிக்கும் அளவுக்குக் குழி விழுந்திருந்தால் புது சீலும் கொஞ்ச நாளில் கசியும், ஷாஃப்டையும் மாற்றிவிடுங்கள். பேரிங்கில் ஆட்டம் இருந்தால் அதையும்.

புது மெக்கானிக்கல் சீலைப் பொருத்துவதில்தான் அதிகத் தவறு நடக்கும். அதன் வழவழப்பான முகத்தை விரலால் தொடாதீர்கள், ஆயிலோ கிரீஸோ படக்கூடாது. உள்ளே இறக்கும்போது வெளி விளிம்பில் மட்டும் உட்காரும் அளவுள்ள சாக்கெட்டை வைத்து நேராக அழுத்துங்கள், நடுவில் தட்டினால் கார்பன் வளையம் விரிசல் விடும், வெளியே தெரியவே தெரியாது. ஆயில் சீலின் உதட்டில் மட்டும் கொஞ்சம் கிரீஸ், உதடு ஆயில் பக்கம் பார்த்திருக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் வீப் ஹோல் திறந்திருக்கிறதா என்று கம்பியை விட்டு இன்னொரு முறை பாருங்கள்.

ஹெட் கேஸ்கெட் என்றால் வேலை பெரிது. பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, கிராங்கும் கேம்ஷாஃப்டும் ஒத்து நிற்பதைக் காட்டும் டைமிங் குறிகளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேம் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரை முதலில் எடுத்துவிட்டுத்தான் கேம் ஸ்ப்ராக்கெட்டைக் கழற்ற வேண்டும், செயின் உள்ளே விழாமல் ஒரு கம்பியில் கட்டி வையுங்கள். ஹெட் போல்ட்டுகளை ஒரே மூச்சில் தளர்த்தாமல் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், இல்லையென்றால் கழற்றும்போதே ஹெட் வளையும். வெளியே வந்த கேஸ்கெட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், கசிந்த பாதை அதில் அரிப்பாகவோ நிறம் மாறிய கோடாகவோ பதிந்திருக்கும். அப்படி எந்தத் தடமும் இல்லை என்றால் பேஸ் கேஸ்கெட்டையும் விரிசலையும் யோசிக்க வேண்டும்.

ஹெட்டின் முகத்தையும் சிலிண்டரின் முகத்தையும் சுத்தம் செய்யும்போது ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டாதீர்கள், அலுமினியத்தில் விழும் ஒரு கீறல் போதும் புது கேஸ்கெட்டை ஏமாற்ற. பிறகு ஒரு ஸ்ட்ரெய்ட் எட்ஜை (துல்லியமாக நேரான உலோகப் பட்டை) நீளவாக்கில், அகலவாக்கில், இரண்டு மூலைவிட்டத்திலும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பாருங்கள். அனுமதிக்கும் வளைவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், 0.03 முதல் 0.10 மில்லிமீட்டர் வரை மேனுவல்களில் பார்க்கலாம், உங்கள் வண்டிக்கு எவ்வளவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் இருந்தால் மெஷின் ஷாப்பில் கொடுத்து மட்டம் பிடிக்க வேண்டும், கூடவே விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். வால்வு சீட்டுகளுக்கு நடுவிலும் பிளக் ஓட்டைக்குப் பக்கத்திலும்தான் விரிசல் அதிகம் விழும்.

மாட்டும்போது எப்போதும் புது கேஸ்கெட். போல்ட் ஓட்டைகளில் ஆயிலோ கூலண்டோ தேங்கியிருக்கக் கூடாது, தேங்கியிருந்தால் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் பொய் சொல்லும். மேனுவலில் சொன்ன வரிசையில், சொன்ன அளவுக்கு, கட்டம் கட்டமாக இறுக்குங்கள், ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தக் கூடாத போல்ட் என்று எழுதியிருந்தால் புதிது வாங்குங்கள். டென்ஷனரைப் பின்னுக்கு இழுத்து ரீசெட் செய்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். ஸ்டார்ட் செய்யும் முன் கிராங்கைக் கையால் இரண்டு சுற்று முழுதாகச் சுற்றி டைமிங் குறிகள் மறுபடி சரியாக வந்து நிற்கின்றனவா என்று பாருங்கள். எங்கேயாவது முட்டினால் பலம் கொடுக்காமல் நிறுத்துங்கள்.

ரேடியேட்டரில் ஊற்றும் ஸ்டாப் லீக் திரவங்களைப் பற்றி: வேண்டவே வேண்டாம். மெல்லிய ரேடியேட்டர் குழாய்களை அடைத்து இன்ஜினை இன்னும் சூடாக்கும், சுழலும் ஷாஃப்டின் சீலை அது சரி செய்யவும் செய்யாது.

உள்ளே மிச்சமிருக்கும் வெளுப்பை எடுப்பது

பழுது முடிந்தாலும் இன்ஜினுக்குள் மூலை முடுக்கெல்லாம் அந்தக் கலவை ஒட்டியிருக்கும், ஒரு ஆயில் மாற்றத்தில் போகாது. விலை குறைந்த, ஆனால் மேனுவலில் சொன்ன தரத்திலுள்ள ஆயிலை புது ஃபில்டரோடு ஊற்றி, சில நிமிடம் ஐடிலில் மட்டும் ஓட்டி, சூடாக இருக்கும்போதே வடித்துவிடுங்கள். வெளுப்பு தெரிந்தால் மறுபடி, ஃபில்டரையும் சேர்த்து. வடிவது தெளிவாக வரும் வரை இதைச் செய்ய வேண்டும், மூன்று தடவை ஆனாலும் அலுத்துக்கொள்ளாதீர்கள். டீசலை ஊற்றி அலசுவதை நான் ஆதரிக்கவில்லை, டீசலுக்கு பேரிங்கைக் காக்கும் படலம் கிடையாது, எவ்வளவுதான் வடித்தாலும் கொஞ்சம் உள்ளே தங்கிவிடும். சில ஸ்போர்ட் ஏடிவிகள் ட்ரை சம்ப் வகை, ஆயிலில் பெரும்பகுதி தனி டேங்கில் இருக்கும். அந்த டேங்கையும் ஓஸ்களையும் சேர்த்து வடிக்காவிட்டால், வெளுத்த ஆயில் உடனே திரும்பி வரும், பழுது சரியாகவில்லை என்று தோன்றும். கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே ஓடும் வண்டியில் பிளேட்டுகளும் ஊறியிருக்கும், ஃப்ளஷ் செய்த பிறகும் கிளட்ச் வழுக்கினால் அவற்றைத் திறந்து பாருங்கள்.

கூலண்டை நிரப்பும்போது காற்று தங்கிவிட்டால், அங்கே மறுபடி சூடேறி புது கேஸ்கெட்டும் போய்விடும். முன்பக்கத்தை உயர்த்தி வைத்து, காற்றை வெளியேற்றும் பிளீட் ஸ்க்ரூ இருந்தால் அதைத் திறந்து குமிழியில்லாமல் கூலண்ட் வரும் வரை ஊற்றுங்கள், மூடியைத் திறந்துவைத்து தெர்மோஸ்டாட் திறக்கும் வரை ஓட்டி, ஓஸ்களைக் கையால் அமுக்கிவிட்டு, குறைந்ததை நிரப்புங்கள். கலப்பதற்கு டிஸ்டில்டு வாட்டர்.

ஹெட் கேஸ்கெட் போயிருந்தால், ஏன் சூடானது என்பதற்குப் பதில் கிடைக்காமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். ரேடியேட்டர் இதழ்களுக்குள் சேறு இருந்தால் ஃபேன் பக்கத்திலிருந்து முன்பக்கமாகக் குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விட்டு வெளியேற்றுங்கள், பிரஷர் வாஷர் இதழ்களை மடக்கிவிடும். ஃபேன் தானாக ஓடுகிறதா, தெர்மோஸ்டாட் சூடான தண்ணீரில் போட்டால் திறக்கிறதா, ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடிக்கிறதா என்று பாருங்கள். மூடி அழுத்தம் பிடிக்கவில்லை என்றால் கூலண்ட் சீக்கிரமே கொதித்துவிடும்.

முதல் ஓட்டத்துக்குப் பிறகு, இன்ஜின் முழுதாக ஆறியதும், கூலண்ட் அளவையும் ஆயிலையும் பாருங்கள். அடுத்த சில ஓட்டங்களுக்கும் இதைத் தொடருங்கள். ஆயில் லேசாக மங்கலாக இருந்தும் கூலண்ட் அளவு அசையாமல் இருந்தால் அது பழைய மிச்சம்தான், இன்னொரு ஆயில் மாற்றம் போதும். கூலண்ட் குறைந்தால் பிரஷர் டெஸ்டரை மறுபடி மாட்டி, முதலில் வீப் ஹோலிலிருந்தே ஆரம்பியுங்கள்.